சத்தம் குறைந்த திருப்புளி

ஞாயிற்றுக்கிழமை ரூலா வருகிறாள். சும்மா பார்த்துவிட்டுப் போக அல்ல. வீட்டைப் பார்த்து ஒரு முடிவு சொல்ல வருகிறாள். வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில் ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டு விதாத் அதைக் கேட்டாள்.

"சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நேரா அங்கதாம்மா வர்றேன். வீட்டை ஒரு தடவை நல்லாப் பாக்கணும்."

"என்னடி இருக்கு பாக்க? ரெண்டு ரூம், ஒரு அடுப்படி."

"அந்த அடுப்படி அலமாரிக் கதவு போன மாசம் என் கையோட வந்துச்சே, அதைப் பாக்கணும். பாத்ரூம் கம்பி ஆடுதே, அதைப் பாக்கணும். அப்பா அதைப் புடிச்சுக்கிட்டுத்தானே எந்திரிக்கிறாரு? இன்னொரு தடவை விழுந்தாருன்னா நீ ஒத்தையா தூக்கிடுவியா?"

"நான் பாத்துக்கறேன்."

"ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னே. ஞாயித்துக்கிழமையும் அந்தக் கம்பி ஆடுச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டு பத்ரூன்ல என் வீட்டுக்குப் போயிடுவேன். கீழ் ரூமைக் காலி பண்ணி வெச்சாச்சு."

மகள் சொன்னால் செய்வாள். அதுதான் பயம்.

விதாத்துக்கு அறுபத்தொரு வயது. திரிபோலியின் துறைமுகப் பேட்டையான மினாவில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில், ஐந்தாவது மாடியில் குடியிருந்தாள். அரசுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சம்பளம் பேருக்குத்தான். ஆனாலும் இன்னும் மூன்று வருஷம் தள்ளிவிட்டால் ஓய்வூதியம் வரும். பத்ரூனிலிருந்து தினமும் மினாவுக்கு வந்து போக இந்த வயதில் அவளால் ஆகாது. அங்கே போய்விட்டால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் புருஷன் மித்ரிக்கோ, சாயங்காலம் ஆனால் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறிவந்து பால்கனியில் தாயக்கட்டை உருட்டும் மூன்று கிழவர்கள்தான் உலகம். அவர்கள் யாரும் பத்ரூனுக்கு வரப்போவதில்லை. அங்கே ரூலாவின் மாமியாரோடு நாள் முழுக்க டிவி பார்க்க வேண்டியதுதான்.

மித்ரி முன்பு மீன் சந்தையின் குளிர்சாதன அறைகளைப் பார்த்துக்கொண்டவர். யார் வீட்டில் எது நின்றாலும், "அபு ரம்ஸியைக் கூப்பிடு" என்பார்கள்; ரம்ஸியின் அப்பா என்று பொருள், விதாத் உம் ரம்ஸி, ரம்ஸியின் அம்மா. மூத்தவன் ரம்ஸி மான்ட்ரியல் போய்ப் பதினோரு வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. மூன்று வருஷமாக மித்ரியின் கைகள் நடுங்குகின்றன. காப்பிக் கோப்பையில் பாதிதான் ஊற்றிக் கொடுக்க வேண்டும். திருகாணியின் தலைக்கு நேரே முனையைக் கொண்டுபோய் வைக்க அவரால் முடியாது.

ஆள் கூப்பிட்டுச் செய்திருக்கலாம். ஒரு தடவை கூப்பிட்டாள். "நாளைக்கு வர்றேன்" என்று இருபது நாள் சொல்லிவிட்டு ஒருவன் வந்தான். வந்தவன் பையைத் திறந்து அடுப்படியில் வேலையை ஆரம்பித்ததும் மித்ரி எழுந்து படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவன் போன பிறகும் இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. அன்றோடு விதாத் ஆளைக் கூப்பிடுவதை விட்டாள்.

அதன் பிறகு அவளே செய்தாள், அவருக்குத் தெரியாமல். அவர் தூங்கும்போதோ, பால்கனியில் இருக்கும்போதோ பழைய திருப்புளியை எடுத்து இறுக்குவாள். கடல் காற்றில் எந்தத் திருகாணியும் இரண்டு வருஷம் தாங்காது. துருப்பிடித்துப் பருத்து, பிறகு பொடிந்து தளர்ந்துவிடும். இறுக்கி இறுக்கி இப்போது வலது மணிக்கட்டு வீங்கிப்போய், மருந்துக்கடையில் வாங்கிய பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளியில் பேனா பிடிக்கிறபோதே வலித்தது.

அன்று மதியம் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் வஹீப் கடைக்குப் போனாள். ஆணி, பூட்டு, குழாய், கயிறு எல்லாம் விற்கிற இருட்டுக் கடை. வஹீப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தான்.

"வாங்க உம் ரம்ஸி. என்ன வேணும்?"

"சார்ஜ் போட்டு ஓட்டற ஸ்க்ரூ டிரைவர். சின்னதா."

"அவ்ளோதானே? மித்ரி அண்ணனை அனுப்பியிருந்தா கண்ணை மூடிட்டு எடுத்திருப்பாரே, நீங்க எதுக்கு இந்த வெயில்ல..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க. வாய் தவறிடுச்சு."

"பரவால்ல. காட்டு."

அவன் முதலில் எடுத்து வைத்தது துப்பாக்கி மாதிரி ஒரு பெரிய கருவி. "சுவர், கல்லு, இரும்பு, எதுலயும் இறங்கும். ஒரு தடவை வாங்கினா பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்."

விதாத் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். கையிலிருந்த பையில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது. இது அதைவிடக் கனம்.

"இதைத் தூக்கத் தெம்பு இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"சரி. சுவர்ல ஓட்டை போடணுமா? புதுசா பீரோ ஏதும் பூட்டணுமா?"

"ஒண்ணும் இல்ல. துருப்பிடிச்ச ஸ்க்ரூவைக் கழட்டிட்டுப் புதுசு போடணும். அலமாரிக் கீல், கக்கூஸ் மூடி, பாத்ரூம் கம்பி."

"கம்பி சுவத்துல இருக்கறது. பழைய ஓட்டைக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பிளக் நல்லா இருந்தாத்தான் இந்தச் சின்னதுங்க செய்யும். பிளக் ஆடுச்சுன்னா எங்கிட்ட வாங்க. இதை வெச்சு சுவரோட மல்லுக்கட்டாதீங்க."

அடுத்து பேனா மாதிரி நேராக, ஒல்லியாக ஒன்றைக் கொடுத்தான். இறகு மாதிரி இருந்தது. கல்லாவின் மேல் ஆயிரம் ஓட்டை விழுந்த ஒரு பலகை கிடந்தது. அதில் ஒரு திருகாணியை வைத்து அழுத்தச் சொன்னான். பாதி வரை சுகமாக இறங்கிய திருகாணி சட்டென்று இறுகி நிற்கவும், கருவி அவள் கைக்குள்ளேயே சுழன்று மணிக்கட்டைத் திருகியது. "யேசுவே!" என்று கையை உதறினாள்.

"நேரா இருக்கறது அப்படித்தான். ஸ்க்ரூ நின்னா மிச்ச முறுக்கு உங்க கைக்குத்தான் வரும். வளைஞ்ச பிடி இருக்கறது வேணும் உங்களுக்கு."

வளைந்த பிடியில் இரண்டு இருந்தன. இரண்டும் உள்ளங்கைக்கு அடங்கின. இரண்டிலும் முன்பக்கம் ஒரு வளையம். அதைக் குறைத்து வைத்தால் இறுகினதும் கடகடவென்று விட்டுவிடும், திருகாணித் தலை நசுங்காது. ஒன்றின் முனையில் சிறிய விளக்கு. மற்றதில் விளக்கு இல்லை, ஆனால் முன்னும் பின்னும் மாற்றுகிற பொத்தான் கட்டைவிரலுக்கு நேராக இருந்தது. விதாத் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஓட்டினாள். பிறகு மற்றதை. பிறகு மறுபடி முதலாவதை.

"என்ன உம் ரம்ஸி, பாட்டா கேக்கறீங்க?"

"எதுல சத்தம் கம்மி?"

வஹீப் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான். "நாப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். பவர் எவ்வளவுன்னு கேப்பாங்க, பேட்டரி எவ்வளவுன்னு கேப்பாங்க. சத்தத்தை யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்."

பின்னால் ஒரு பல்புக்காகக் காத்து நின்ற டாக்சிக்காரர் பொறுமை இழந்தார். "அக்கா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே! என் வண்டி ரோட்டு நடுவுல நிக்குது."

"பொண்ணு எடுத்தவங்க திருப்பிக் குடுக்க முடியாது, தம்பி. இதை முடியுமா வஹீப்?"

"ரசீது இருந்தா முடியும்."

"அப்ப இதுதான் நல்ல சம்பந்தம்," என்றார் டாக்சிக்காரர். "பேசி முடிங்க."

விளக்கு இல்லாததில்தான் சத்தம் குறைவு. கொசு மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். விளக்குக்காக ஒரு நிமிஷம் தயங்கினாள். குளியலறையில் அரை இருட்டு. ஆனாலும் சத்தம் குறைந்ததையே எடுத்துக்கொண்டாள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளும் வாங்கினாள்.

"போன் சார்ஜர் மாதிரியே செருகினாப் போதும்," என்றான் வஹீப். "பாதி சார்ஜ்தான் இருக்கும். முழுசா ஏத்திட்டு ஆரம்பிங்க."

இரண்டரை மணிக்கு ஜெனரேட்டர் ஓடாது, லிஃப்ட் நிற்கும். மூன்றாவது மாடி வளைவில் வழக்கம்போல் படியில் உட்கார்ந்தாள். பையில் சர்க்கரை, ரொட்டி, எலுமிச்சை, மதிப்பெண் பதிய எடுத்துவந்த நாற்பது விடைத்தாள் கொண்ட கட்டு, திருப்புளி. ஒரு படி ஏறினால் மறு படி தெரிந்தது. வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

மித்ரி தூங்கிக்கொண்டிருந்தார். கருவியைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் செருகி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

அங்கேதான் தவறு. அந்த வீட்டில் இரண்டு வயர் ஓடியது. ஒன்று தெரு ஜெனரேட்டர்காரனிடம் காசு கொடுத்து வாங்கும் கரண்ட், ஐந்து ஆம்பியர், மீட்டர் போட்டது. குளிர்சாதனப் பெட்டி, ஒரு விளக்கு, டிவி, அவ்வளவுதான் அதில். மற்றது அரசாங்கக் கரண்ட், வரும்போது வரும். அவசரமில்லாதவை எல்லாம் அரசாங்கத்துக்கு என்பது வீட்டுச் சட்டம். துவைக்கிற மெஷின், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் எல்லாம் அரசு வரும்வரை காத்துக்கிடக்கும். வருஷக்கணக்காக எதைச் செருகினாலும் கை தானாக அந்தச் சாக்கெட்டுக்குத்தான் போகும். வியாழக்கிழமையும் போயிற்று. மெஷினுக்குப் பின்னால் போய் அவள் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் தேர்வு வேலை; வந்து விழுந்ததுதான் தெரியும்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிழவர்கள் வந்தார்கள். பால்கனியில் பலகை விரிந்தது. விதாத் காப்பி கொடுத்துவிட்டு, துண்டுக்கடியில் கைவிட்டுக் கருவியை உருவிக்கொண்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஷேஷ் பேஷ்! ஆறும் அஞ்சும்!" என்று சப்ரியின் குரல். அவர்களிலேயே தொண்டை பெரியவர் சப்ரிதான். தாயக்கட்டை பலகையில் மோதும் ஒலி கேட்கும்போதெல்லாம் அவள் பொத்தானை அழுத்தினாள். கட்டை நின்றால் விரலை எடுத்தாள். அலமாரிக் கதவு நிமிர்ந்தது. இழுப்பறைக் கைப்பிடி இறுகியது. கழிப்பறை மூடி ஆடாமல் நின்றது. மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

"சப்ரி, கட்டையைப் பிடிச்சு வெக்காதே, உருட்டு!" என்று மித்ரி கத்தினார்.

"நீ நடுங்கற நடுக்கத்துல உனக்குத் தானா உருளுது. நான் யோசிச்சுத்தான் உருட்டணும்."

சிரித்தார்கள். சப்ரி ஒருவர்தான் மித்ரியிடம் அப்படிப் பேச முடியும்.

குளியலறைக் கம்பியில் நான்கு திருகாணிகள். பின்பக்கம் ஓட்டி நான்கையும் கழற்றினாள். துரு பொலபொலவென்று கொட்டியது. பிளக்குகளைச் சுண்டு விரலால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி சுவரில் பொருத்தி, முதல் புதுத் திருகாணியை வைத்து அழுத்தினாள். கருவி இரண்டு சுற்று சுற்றி, முனகி, நின்றது. மறுபடி அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

கம்பியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துண்டை விலக்கிப் பார்த்தாள். சார்ஜரில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. அரசு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கடைசியாக வந்துவிட்டுப் போனது. ஜெனரேட்டரும் ஐந்து மணிக்குத்தான்; அதுவரை கம்பி இல்லாமல் மித்ரியால் குளியலறைக்கு வர முடியாது.

பால்கனியில் நாற்காலிகள் நகர்ந்தன. "போய்ட்டு வர்றோம் உம் ரம்ஸி!" என்று சப்ரி குரல் கொடுத்தார். வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மித்ரி ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் தரையில் டக் டக் என்று குளியலறையை நோக்கி வந்தது. நண்பர்கள் போனதும் மித்ரி வருகிற இடம் அதுதான்.

அவள் அங்கே திரும்பி வருவதற்கும் அவர் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. கம்பி இல்லாத சுவரைப் பார்த்தார். தரையில் துருவைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"வியாழக்கிழமை வாங்கினேன்."

"அதைக் கேக்கல. எத்தனை நாளா எனக்குத் தெரியாம திருகிட்டிருக்கே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ரெண்டு வருஷம்."

"எனக்குத் தெரியும்," என்றார் மித்ரி. "கதவெல்லாம் தானா இறுகிக்குதுன்னா நான் நினைச்சேன்? கீல்ல ஸ்க்ரூ தலை பூராவும் நசுங்கிக் கிடக்கு. பெரிய ஸ்க்ரூவைச் சின்ன முனையால திருகினா அப்படித்தான் ஆகும். தினம் பாக்கறேன். சொன்னா நீ விட்டுடுவே. விட்டுட்டா யாரு செய்யறது? அதான் சொல்லல."

விதாத் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரூலா போனில் சொன்னதைச் சொன்னாள். பத்ரூன், கீழ் ரூம், ஆடுகிற கம்பி, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி. இது ஏன் ஓடல?"

"சார்ஜ் இல்ல. மெஷினுக்குப் பின்னாடி செருகியிருந்தேன்."

மித்ரி சிரிக்க ஆரம்பித்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருமுகிற அளவுக்குச் சிரித்தார். "அரசாங்கத்துக்கிட்டயா குடுத்தே? அடிப்பாவி, பள்ளிக்கூடத்துல உனக்குச் சம்பளம் குடுக்காத அதே அரசாங்கத்துக்கிட்டயா?"

"கை பழகிடுச்சு. சிரிக்காதே மித்ரி, நாளைக்கு அவ வர்றா."

"குடு இங்க." கழிப்பறை மூடியின் மேல் மெல்ல உட்கார்ந்து கருவியை வாங்கினார். "மோட்டார் நின்னா முனை பூட்டிக்கும். கையால திருகலாம். பிடி தடிமனா இருக்கு, எனக்கு அதான் வேணும். ஆனா நேரா வெக்க முடியாது. நீ வெய்யி."

அவள் முட்டி போட்டு, முனையைத் திருகாணித் தலைக்குள் பொருத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். அவர் பிடியை இறுக்கித் திருகினார். சும்மா இருக்கும்போது நடுங்குகிற கை, எதையாவது இறுகப் பற்றினால் கொஞ்சம் அடங்கும். கால் சுற்று. கையை எடுத்து மறுபடி கால் சுற்று. இடையில் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"விரலை எடுக்காதே."

"எடுக்கல."

"குனிஞ்சு என் வெளிச்சத்தை மறைக்காதே."

"நான் குனியாம எப்படிப் பிடிக்கறது? ரொம்ப அதிகாரம் பண்ணாதே."

நான்கு திருகாணிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. அவளால் முட்டியை நீட்ட முடியவில்லை. இறுகிய கம்பியைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். பிறகு அவரும் அதைப் பிடித்தே எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரூலா வந்தாள். முத்தம் கொடுத்தாள், தட்டு நிறையக் கொண்டுவந்த இனிப்பை மேசையில் வைத்தாள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனாள். அலமாரிக் கதவைத் திறந்து மூடினாள். இழுப்பறையை இழுத்தாள். குளியலறைக்குப் போய்க் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கம்பி அசையவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"யாரை வரவழைச்சீங்க?"

விதாத் வாய் திறப்பதற்குள் மித்ரி சொன்னார். "உங்கம்மா. எல்லாத்தையும் அவதான் செஞ்சா. ரெண்டு வருஷமா செய்யறா. கடைசி நாலு ஸ்க்ரூ மட்டும் நான் கை வெச்சேன்."

ரூலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வீங்கிய மணிக்கட்டையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் இன்றைக்குத்தான் பார்க்கிறவள்போலப் பார்த்தாள்.

"சரிம்மா. கம்பி ஆடல. ஒத்துக்கறேன். ஆனா உன்னைப் பாரு. கண்ணாடில மூஞ்சியைப் பாத்து எத்தனை நாளாச்சு? வேலைக்கும் போயி, அஞ்சு மாடியும் ஏறி, அப்பாவையும் பாத்து, இதையும் திருகி... பத்ரூன் வந்தா படுத்தாவது கிடக்கலாம்ல?"

"களைப்பாத்தாண்டி இருக்கேன்," என்றாள் விதாத். குரலை உயர்த்தவில்லை. "இல்லேன்னு சொல்லல. அங்க வந்தாலும் களைப்பாத்தான் இருப்பேன். அதுக்கு என் வீட்டுலயே களைப்பா இருந்துக்கறேன். மூணு வருஷம் விடு. அதுக்கப்புறம் நீ கூப்பிடு, பேசலாம்."

மித்ரி இனிப்புத் தட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க முயன்று, முடியாமல், தட்டை மகளிடம் தள்ளினார். ரூலா அதைப் பிரித்தாள். கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

"மத்தியானத்துக்கு வாங்கின மீன் எங்க இருக்கு?"

"சிங்க்ல. இன்னும் கழுவல."

"சரி, உக்காரு. இனிமே ஒண்ணு விட்டு ஒரு ஞாயிறு நான் வந்து சமைச்சு, வீட்டைத் துடைச்சுட்டுப் போறேன். அதுக்கும் வேண்டாம்னு சொன்னே, ரெண்டு பேரையும் இப்பவே தூக்கி வண்டில போட்டுருவேன்."

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றாள் விதாத்.

அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பூண்டு எங்கே, எள் விழுது தாஹினி எங்கே என்று ரூலா கேட்டுக்கொண்டிருந்தாள். மித்ரி இடம் சொல்லிக்கொண்டிருந்தார், பாதி தப்பாக. விதாத் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டப்பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போதே, நீள நாற்காலியில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.